இறங்காத மாத்திரை

ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப்போக ஆட்கள் வரவேண்டிய நேரத்தில் அம்மா எழவில்லை.

பாப்பா குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வயது முப்பத்தைந்து. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் உட்கார்ந்து, வருகிற கூட்டத்தை ஒற்றைப் பார்வையில் அடக்கி வைக்கிறவள். ஆனாலும் அம்மாவுக்கு அவள் பாப்பாதான். அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இந்த வார்டுக்கே அவள் பாப்பாவாகிவிட்டாள்.

"அம்மா, எழுந்திரு. இப்ப வந்துடுவாங்க."

தோளைத் தொட்டாள். தோள் துவண்டு சரிந்தது. குனிந்து பார்த்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. பாப்பா தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்து, எங்கோ அடியாழத்திலிருந்து இழுத்ததுபோல அடுத்த மூச்சு வந்தது.

"சிஸ்டர்."

குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைத் திறந்து மறுபடி கூப்பிட்டாள்.

நர்ஸ் ஓடிவந்தாள். பின்னாலேயே டியூட்டி டாக்டர். அம்மாவின் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்த அவர் முகம் மாறியது. ஏதோ ஒரு ஊசியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்த ஊசி நரம்பில் ஏறியதும் அம்மா சட்டென்று கண் திறந்தாள். "பாப்பா, குளிருது" என்றாள். திறந்த கண் மறுபடி மெல்லச் செருகியது.

"வலி மருந்து அதிகமாயிருக்கு" என்ற டாக்டர், அம்மாவின் நெஞ்சில் ஒட்டியிருந்த வலி ஒட்டைப் பிய்த்து எடுத்தார். மெல்லிய பிளாஸ்டர் மாதிரி இருக்கும். அதிலிருந்து மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். மூன்று நாளைக்கு ஒன்று. "ஆனா இது ஒண்ணு மட்டும் இப்படிப் பண்ணாதே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

அப்போதுதான் நர்ஸ் அந்தக் கண்ணாடி டம்ளரைப் பார்த்தாள். கட்டிலையொட்டிய சின்ன மேசை மேல் இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீருக்கடியில் வெள்ளையாக மாவு மாதிரி வண்டல். குப்பைக் கூடையில் காலியான மாத்திரை அட்டை ஒன்று.

"நேத்து ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் கூடாதுன்னு சொன்னோமே. யார் கொடுத்தது?"

பாப்பா அட்டையைப் பார்த்தாள். அவளுடைய தூக்க மாத்திரை அட்டை அது.

கட்டிலோடு அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். காலியான இடத்தில், மூக்குக் குழாயோடு சேர்ந்து கட்டில் கம்பியில் தொங்கிய பழைய பை மட்டும் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதில் என்றைக்கும் போல் தெளிவான பச்சை நீர். பாப்பாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். முற்றிவிட்டது. கட்டி வளர்ந்து, வயிற்றிலிருந்து குடலுக்குப் போகும் வழியை நெரித்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. போன வாரம் சர்ஜன், அம்மாவையும் பாப்பாவையும் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார். "கட்டியை எடுக்கப் போறதில்லைம்மா. எடுக்க முடியாது. ரோடு அடைச்சா பைபாஸ் போடறாங்க இல்ல, அந்த மாதிரி வயித்தையும் குடலையும் வேற இடத்துல இணைக்கப் போறோம். நோய் போகாது. ஆனா சாப்பிடலாம், உட்காரலாம், பேசலாம். இருக்கிற நாள் உங்க கையில இருக்கும்."

"பேச முடியுமா?" என்று அம்மா அதை மட்டும் திரும்பக் கேட்டாள். "அது போதும் டாக்டர். போடுங்க."

அம்மாவுக்குப் பேச வேண்டியது ஒன்று இருந்தது. அவள் வேலை பார்த்த மெத்தைத் தொழிற்சாலை சில வருடங்களுக்கு முன் எரிந்தது. பின்வாசல் வெளியே பூட்டியிருந்தது. ஒன்பது பெண்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் கருகிப்போனார்கள். அம்மாதான் அந்தப் பிரிவுக்குச் சூப்பர்வைசர். பின்வாசலைப் பூட்டி வைக்கச் சொல்லி முதலாளி தன் அறையிலிருந்து யாருக்கோ போனில் உத்தரவிட்டதை வாசலில் நின்று காதால் கேட்டவள். வழக்கு இழுத்து இழுத்து இப்போதுதான் சாட்சிக்கு வந்திருந்தது. அம்மாவால் நீதிமன்றத்துக்குப் போக முடியாதென்று நீதிபதியே ஒருமுறை இங்கே வந்தார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை அம்மா வாந்தி எடுத்ததில், எழுதிக்கொள்ள வந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

மாமாவும் அதே தொழிற்சாலையில்தான் இருந்தார், செக்யூரிட்டி அதிகாரியாக. தீப்பிடித்த அன்று அவருக்கு லீவு. "என் தம்பியாவது தப்பிச்சானே" என்று அம்மா எத்தனையோ முறை கைகூப்பியிருக்கிறாள்.

காலை எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமான பெண்மணி. கடும் ஜலதோஷம். குளுக்கோஸ் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறையில் பாப்பாவை உட்கார வைத்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எல்லாரும் பாப்பான்னுதான் சொல்றாங்க. நானும் அப்படியே கூப்பிடறேன். மாத்திரை யாரோடது?"

"என்னோடது. ஒரு மாசமா தூக்கமில்லை."

"எங்க வச்சிருந்தீங்க?"

"கைப்பையில. பை அலமாரியில."

"பூட்டுவீங்களா?"

"இல்லைங்க."

"நேத்து ரூமுக்குள்ள யார் யார் வந்தாங்க?"

"டாக்டர், நர்ஸ், மாமா, நான். வேற யாருக்கும் பாஸ் கிடையாது. கேஸ் இருக்கறதால கீழேயே ஆளை நிறுத்தி வச்சிருக்காங்க."

"இன்னிக்குக் காலையில?"

"நான் குளிக்கப் போறப்போ மாமா எட்டிப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்னாடி அக்காவைப் பார்க்கணும்னு வந்தாராம். 'தூங்கறா, எழுப்பாதே, நீ போய்க் குளி'ன்னார். நான் வர்றதுக்குள்ள போயிட்டார்."

இன்ஸ்பெக்டர் தும்மினார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"முந்தாநாள் நர்ஸ்கிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னாள்தான். அம்மா ஒரு மணி நேரம் ஓங்கரித்து முடித்த பிறகு, வராந்தாவில் நின்று, இப்படிக் கஷ்டப்படறதுக்குப் போயிட்டாலே தேவலாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுததை யாரும் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அலுப்புல சொன்னதுங்க."

"இருக்கலாம். ஆனா இப்ப என் முன்னால ரெண்டே வழிதான் இருக்கு. அவங்களே குடிச்சிருக்கணும், இல்ல நீங்க கொடுத்திருக்கணும். எதுவானாலும் ஆபரேஷன் கிடையாதுன்னு சர்ஜன் சொல்லிட்டார். சாகணும்னு நினைச்சவங்க மேல, வாழறதுக்காகக் கத்தி வைக்க முடியாதுங்கறார். விசாரணை முடியற வரைக்கும் நீங்க அம்மா பக்கத்துல போகக் கூடாது."

வராந்தாவில் மாமா காத்திருந்தார். பாப்பாவின் தலையைத் தடவினார். அந்தக் கையின் சூட்டில் அவளுக்கு அழுகை பீறிட்டது.

"நீ செஞ்சிருப்பேன்னு நான் நினைக்கலை பாப்பா. அக்காவேதான் செஞ்சிருப்பா. வலி யாரை விட்டுது? உன் அத்தையும் கடைசியில இதைத்தானே கேட்டா."

அத்தை, மாமாவின் மனைவி, மார்பகப் புற்றுநோயில் இரண்டு வருடங்களுக்கு முன் போனவள். கடைசி நாட்களில் அவளுக்கு எல்லாம் பார்த்தது மாமாதான். சோறு ஊட்டுவது, உடம்பு துடைப்பது, வலி ஒட்டு மாற்றுவது, எல்லாமே.

"அம்மா அப்படிச் செய்ய மாட்டா மாமா. அவளுக்குப் பேசணும்."

"சரி சரி, அழாதே. ஒரு ஆளுக்குத்தான் அனுமதியாம். நான் உள்ள போய் அவகூட இருக்கேன்." பாஸை வாங்கிக்கொண்டு மாமா போனார். அம்மாவுக்குத் துணையாக ஒருவராவது இருக்கிறாரே என்று பாப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உள்ளேயிருந்து வந்த நர்ஸ் பாப்பாவின் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "ஊசி போட்டா முழிக்கறாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி மூச்சு இறங்குது. திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கு. ஏன்னே தெரியலை."

இன்ஸ்பெக்டர் அறையை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். பொருட்களை அடையாளம் காட்டப் பாப்பாவும் கூடப் போனாள். டம்ளரைச் சோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அலமாரி, கைப்பை, சாயங்காலம் உபயோகித்த வெந்நீர்ப் பை, மடித்து வைத்த துண்டு. இன்ஸ்பெக்டர் மூச்சுவிட முடியாமல் வாயைத் திறந்து வைத்தபடி சுற்றிப் பார்த்தார். பச்சை நீர் இருந்த பையின் முன் நின்றார்.

"இது என்ன?"

"அம்மா மூக்குல இருக்கற குழாயோட பை."

"மூக்குக் குழாய்னா சாப்பாடு உள்ள போறதுக்குத்தானே? இது ஏன் நிரம்பியிருக்கு?"

"உள்ள போறதுக்கு இல்லைங்க. வெளிய வர்றதுக்கு. வயித்துக்குக் கீழே அடைச்சிருக்கு. எதுவும் குடலுக்கு இறங்காது. வயித்துல சேர்றதெல்லாம் இந்தக் குழாய் வழியா பைக்கு வந்துடும். எச்சில் முழுங்கினாக்கூட வந்துடும். நான்தான் தினம் அளந்து கொட்டுவேன்."

"எல்லாமே வந்துடுமா?"

"எல்லாமே."

"அப்ப மாத்திரையைக் கரைச்சுக் குடிச்சா?"

"அதுவும் இங்கதான்..." என்ற பாப்பா பாதியில் நிறுத்தினாள்.

இருவரும் பையைப் பார்த்தார்கள். பச்சை. தெளிவான பச்சை. அடியில் ஒரு துளி வண்டல் இல்லை.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். "டாக்டர், காலையில போட்டீங்களே ஒரு ஊசி, அது தூக்க மாத்திரையை முறிக்குமா? முறிக்காதா? வலி மருந்துக்கு மட்டும்தானா? சரி. நெஞ்சில இருந்த ஒட்டை எடுத்த பிறகும் ஏன் மறுபடி மறுபடி மயங்கறாங்க? தோல்ல ஊறினது மிச்சம் இருக்கும்னு நினைக்கறீங்க. சரி, வேற எங்கயாவது ஒட்டு இருக்குமோ? முதுகைப் பார்த்தீங்களா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "புரட்டினா குமட்டும்னு யாரும் புரட்டறதே இல்லையா? சரி, வர்றேன், புரட்டிப் பார்க்கலாம்."

போனை வைத்தார். ஜலதோஷத்தில் சிவந்திருந்த கண்கள் இப்போது தெளிந்திருந்தன.

"பாப்பா, அந்த டம்ளர் வெறும் நாடகம். அதிலிருந்து யாரும் ஒரு சொட்டு குடிக்கலை. இந்தக் குழாய் எதுக்குன்னு தெரியாத ஒருத்தர்தான் அதை அங்க வச்சிருக்க முடியும். உங்க அம்மாவுக்கு அது தெரியும். நர்ஸுக்குத் தெரியும். தினம் அளந்து கொட்டற உங்களுக்கும் தெரியும். சர்ஜன் படம் போட்டு விளக்கினப்போ அங்க இல்லாதவர் யார்?"

பாப்பாவின் காதில் நேற்று மாமா பேசியது கேட்டது. ஜன்னலோரம் நின்று, குழாயைப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னார்: மூக்கு வழியாத்தான் சாப்பாடு போகுதே, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்? அலுப்பில் அவள் அதைத் திருத்தவில்லை. திருத்தி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

"மாமா" என்றாள்.

"அவர் நேத்து என்ன செஞ்சார்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"மத்தியானம் வந்தார். அம்மா முதுகு வலிக்குதுன்னா. நீ போய்ச் சாப்பிட்டு வா, நான் தேய்ச்சு விடறேன்னார். அத்தைக்கு மாசக்கணக்கில வலி ஒட்டு மாத்தி, உடம்பு துடைச்சவர்தானேன்னு நானும் போனேன். நான் திரும்பி வந்தப்போ அம்மா, தம்பி தேய்ச்சது சுகமா இருந்துதுன்னு சொன்னா. அப்புறம் மாமா இந்த வெந்நீர்ப் பையைக் கொடுத்து, முதுகுக்கடியில வை, ஆறினா மாத்திக்கிட்டே இருன்னு சொல்லிட்டுப் போனார்."

"வச்சீங்களா?"

"படுக்கற வரைக்கும்." பாப்பா இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க?"

"தேய்க்கற சாக்குல முதுகில வேற ஒட்டு ஒட்டியிருப்பார். வலி ஒட்டு மேல சூடு படவே கூடாதும்மா. எங்க அப்பாவுக்கு ஒட்டினப்போ டாக்டர் முதல்ல சொன்னதே அதுதான். சூடு பட்டா மூணு நாள் மருந்து சீக்கிரமா உள்ள இறங்கிடும். மனைவிக்கு மாசக்கணக்கில ஒட்டி எடுத்தவருக்கு அது தெரியாம இருக்காது."

தன் கையாலேயே. பாப்பா ஒவ்வொரு முறையும் வெந்நீரைக் கையில் ஊற்றிப் பதம் பார்த்து, அம்மாவுக்குச் சுடக்கூடாது என்று துண்டில் சுற்றி வைத்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"அவர் இப்ப அம்மாகூட இருக்கார்."

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. அதன் வழியே பாப்பா பார்த்தாள். நர்ஸ் எதிர்க் கட்டிலில் இன்னொரு நோயாளியின் ஊசியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மாமா அம்மாவின் மேல் குனிந்து, காதில் ஏதோ சொல்வதுபோல் முகத்தை அருகில் வைத்திருந்தார். அவருடைய வலது கை அம்மாவின் தோளுக்கடியில், முழங்கை வரை, முதுகுப் பக்கம் போயிருந்தது. அம்மாவின் தலை அந்த அசைவுக்குத் தக்கபடி ஆடியது. பாப்பா கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தாள்.

இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"கையை எடுங்க சார். எடுத்து என்கிட்ட காட்டுங்க."

மாமா நிமிர்ந்தார். கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களில் கண்ணாடித்தாள் போன்ற ஒட்டு ஒன்று சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா கையை உதறினார். விழவில்லை. கட்டை விரலிலிருந்து எடுத்தால் சுட்டு விரலில் ஒட்டியது.

நர்ஸும் டாக்டரும் அம்மாவைப் பக்கவாட்டில் புரட்டினார்கள். அங்கியின் பின்முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே இன்னும் இரண்டு.

"யாருக்கும் தன் கை எட்டாத இடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "தானே ஒட்டிக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது. அதனாலதான் யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி உரிச்சு எடுத்துடணும்னு உள்ள வந்தீங்க. ஒட்டு உங்க மனைவிக்கு வாங்கினதோட மிச்சம். அதனால இங்க இருந்த ஒட்டுப் பெட்டியில எதுவும் குறையலை. மாத்திரை நேத்து மத்தியானம் பாப்பாவோட பையிலிருந்து எடுத்தது. இன்னிக்குக் காலையில அவங்க குளிக்கப் போனப்போ டம்ளர்ல கரைச்சு வச்சீங்க. வலி தாங்காம தானே முடிச்சுக்கிட்டாங்கன்னு ஊர் நம்பும். நம்பலைன்னா பழி அக்கா மக மேல. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரே ஒரு விஷயம்தான் நீங்க தெரிஞ்சுக்காம விட்டது. இந்த மூக்குக் குழாய் எதுக்குன்னு யாரையும் கேட்கவே இல்லை."

மாமா பாப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் பண்ணினா பேசுவா" என்றார். "பேசினா நான் தொலைஞ்சேன்."

"அன்னிக்கு நீங்க லீவுன்னு..." பாப்பா ஆரம்பித்தாள்.

"லீவு இல்லை. அது அப்புறம் எழுதிக்கிட்டது. முதலாளி போன் பண்ணினது எனக்குத்தான். சரக்கு திருடு போகுது, பின்வாசலைப் பூட்டுன்னார். நான்தான் பூட்டினேன். பூட்டிட்டுத் திரும்பறேன், நடையோட அந்தக் கோடியில இவ நிக்கறா. நேரா என் முகத்தைப் பார்த்தா. இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேட்கலை. எனக்குத் தெரியும், கோர்ட்டுக்குன்னு வச்சிருக்கான்னு." அவர் குரல் உடைந்தது. "தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பா. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஈரக்குலை நடுங்கும்."

அவரை அழைத்துப் போனார்கள். நடையின் திருப்பத்தில் மறையும் வரை பாப்பா பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒட்டுகள் போனதும் அம்மா மெல்லத் தெளிந்தாள். சர்ஜன் வந்து கட்டில் அருகே உட்கார்ந்து, "இப்பவும் ஆபரேஷன் வேணுமாம்மா?" என்று நேரடியாகக் கேட்டார். அம்மா தலையை அசைத்தாள். உடம்பு தேறக் காத்திருந்து ஆபரேஷனைச் செய்தார்கள். அன்று முழுக்கப் பாப்பா தியேட்டர் வாசலில் உட்கார்ந்து, கதவு திறந்தபோதெல்லாம் எழுந்து நின்றாள். மாமாவைப் பற்றி அம்மாவிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அது பாப்பாவுக்கென்றே விடப்பட்டிருந்தது.

குழாயை எடுத்த மறுநாள், அம்மாவுக்குக் கரண்டியால் பருப்புத் தண்ணீர் கொடுத்தாள் பாப்பா. ஒவ்வொரு கரண்டிக்கும் அம்மாவின் தொண்டையையே பார்த்தாள். கையில் வாந்திப் பாத்திரம் தயாராக இருந்தது. ஒன்றும் மேலே வரவில்லை.

"தம்பி ஏன் வரவே இல்லை?" என்றாள் அம்மா.

பாப்பா கரண்டியை வைத்தாள். பொய் சொல்ல முயன்றாள். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டை, நடையை, அம்மா அவர் முகத்தைப் பார்த்ததை, ஒட்டை, வெந்நீர்ப் பையை. சொல்லச் சொல்ல அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.

"நான் பார்க்கலைடி" என்றாள் அம்மா. "அன்னிக்கு மூக்குக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுட்டுப் போயிருந்தேன். யாரோ ஒரு ஆள் நின்னாரு, யாருன்னு தெரியலைன்னுதான் கோர்ட்ல சொல்லப் போறேன்னு வக்கீல்கிட்டயே சொல்லியிருந்தேன். முதலாளி குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும். என் தம்பி அங்க இருந்தான்னே எனக்குத் தெரியாது."

மாமா இவ்வளவும் செய்தது அம்மாவுக்குத் தெரியாத ஒன்றுக்காக. யாரும் சொல்லப்போகாத ஒரு சொல்லுக்குப் பயந்து.

மத்தியானம் நீதிபதி வந்தார். கூடவே எழுதிக்கொள்ள ஒருவர். வாசலிலேயே நின்று, அம்மாவின் வற்றிய முகத்தையும், போர்வைக்கு வெளியே கிடந்த மெலிந்த கைகளையும் பார்த்துத் தயங்கினார்.

"ரொம்பக் களைப்பா இருக்கீங்க. வேணும்னா அப்புறம் வர்றோம்மா."

அம்மா பாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அப்புறம் கிடையாதுங்க" என்றாள். "உட்காருங்க. என் தம்பியிலேருந்து ஆரம்பிக்கறேன்."